அங்க ஆரு இருக்கா?

போன வாரம் நூலகத்துப் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கக் கல்லூரிக்கு வந்திருந்தேன். வெளிநாட்டுப் படிப்புப் பிரிவின் கதவு திறந்து கிடந்தது. ஓய்வு பெறும்வரை நான் பல காலம் உட்கார்ந்திருந்த அறை. கால் தானாக அங்கே போய் நின்றது. உள்ளே, இப்போது அந்தப் பிரிவைப் பார்க்கும் நீங்கள் இரண்டு பேரும் இருந்தீர்கள். எதிரே திருவட்டாற்றிலிருந்து வந்து வரலாறு படிக்கும் பெண் ஒருத்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஜப்பான் போக வேண்டும் என்றாள். ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்துவிட்டேன் என்றாள். ஏன் ஜப்பான் என்று நீங்கள் கேட்கவில்லை. "அங்க ஆரு இருக்கா?" என்று கேட்டீர்கள்.

"ஆரும் இல்ல மிஸ்" என்றாள் அவள்.

அதற்கு நீங்கள் சொன்ன பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் கோபத்தில் காகிதம் கிழிந்துவிடும். அறைக்குள் வந்து அங்கேயே சத்தம் போட்டிருப்பேன். அந்தப் பிள்ளையின் முன்னால் உங்களைக் குறைத்துப் பேச வேண்டாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டு படியிறங்கினேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. இரண்டு முறை காப்பி போட்டு இரண்டு முறையும் குடிக்க மறந்தேன். அதனால் இதை எழுதுகிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னது சரிதான்.

நம் கல்லூரிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், ஜப்பான் என்று நான்கு நாடுகளில் உறவுக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு பிள்ளை ஒரு வருடம் போய்ப் படித்துவிட்டு வரலாம். ஒரு நாடு, அதன் மொழி, ஒரே ஒரு வாய்ப்பு. இந்த ஒரு வருடத்தை நம் மாவட்டத்தில் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்தா? அந்த நாட்டில் என்ன படிக்கலாம் என்று பார்த்தா? இல்லை. அங்கே நம்ம ஆள் இருக்கிறாரா என்று பார்த்து. சபையில் கூடவே ஜெபித்த ஆள், மாமாவின் கூட்டாளி, சித்தப்பாவின் மச்சினன், யாராவது ஒரு ஆள். வளைகுடாவுக்குக் கூலிக்குப் போன காலத்தில் இந்தக் கேள்வி நியாயம். விசா கையில் கொடுத்து, கொண்டுபோய் வேலையில் சேர்த்துவிட ஓர் ஆள் வேண்டும். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு எதற்கு?

தக்கலையிலிருந்து ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன். அவனுக்கு பிரெஞ்சு சொல்லிக் கொடுத்ததே நான்தான். பிரான்சில் கடலோரம் ஒரு சிறிய நகரத்தில் அவனுக்கு இடமும் கிடைத்தது. ஆனால் அவன் மாமாவுக்குப் பாரிஸில் ஒரு கூட்டாளி இருந்தார். அங்கே தங்கிக்கொண்டு ரயிலில் போய் வரட்டும் என்று வீட்டில் முடிவு பண்ணிவிட்டார்கள். நான் கத்திப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரயிலில் எத்தனை நாள் போவான்? கூட்டாளியின் மளிகைக் கடையில் நின்றான். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் இலங்கைத் தமிழர்கள். ஒரு வருடம் கழித்து என் அறைக்கு வந்தான். நான் பிரெஞ்சில் சுகம் விசாரித்தேன். பேந்தப் பேந்த விழித்துவிட்டு, "ஓம் மிஸ், நல்லா இருக்கிறன்" என்றான். யாழ்ப்பாணத் தமிழ் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. காதுக்கு அழகான தமிழ். ஆனால் அதைப் படிப்பதற்கு பிரான்ஸ் அரசாங்கத்து விசா எதற்கு என்று கேட்டேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அந்த வருடம் திரும்ப வராது.

சரி, அனிஷாவின் கதைக்கு வருகிறேன். உங்களுக்கு அவள் பெயர் தெரியும். கதை தெரியாது. தெரிந்திருந்தால் போன வாரம் அப்படிப் பேசியிருக்க மாட்டீர்கள்.

அனிஷா கடியப்பட்டணத்துப் பிள்ளை. பொருளாதாரம் படித்தாள். அப்பா சூசை பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. அம்மா பிலோமி கரையில் மீன் ஏலம் எடுத்து வடசேரிச் சந்தையில் கொண்டுபோய் விற்கிறவள். அனிஷா முதல் வருடத்திலேயே என்னிடம் வந்து, ஸ்பெயின் போக வேண்டும் என்றாள். ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க நாகர்கோவிலில் ஆள் கிடையாது. கைப்பேசியை வைத்துக்கொண்டு தானே படித்தாள். பேருந்தில் வாயை அசைத்துக்கொண்டே வருவாளாம்; ஜெபமாலை சொல்கிறாள் என்று பக்கத்து இருக்கைக்காரர்கள் நினைத்துக்கொள்வார்களாம். ஸ்பானிஷ் அடிப்படைத் தேர்விலும் நல்லபடியாகவே தேறினாள். விண்ணப்பத்தில் ஸ்பெயின் என்று எழுதி அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பெயர் அனுப்பக் கடைசி நாள் வந்தது. அன்று காலையில் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் பிரச்சினை என்ற சொல்லைக் கேட்டாலே வியர்த்துவிடும். "டீச்சர், அந்தக் கடியப்பட்டணத்துப் பிள்ளைக்கு ஜெர்மனின்னு போட்டிருங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். கைப்பேசியை நீட்டினார். அதில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டின் படம். சூசை விடுமுறைக்கு வந்திருக்கிறார். அவருடைய தங்கை ஜெனோவா ஜெர்மனியில் நர்ஸ். அங்கே நம்ம ஆள் இருக்கும்போது பிள்ளை எதற்கு வேறு நாட்டுக்குப் போக வேண்டும் என்று அண்ணனும் தங்கையும் போனிலேயே பேசி முடித்து, ஊர்ப் பையன்கள் அன்று விடியும் முன்பே போர்டும் வைத்துவிட்டார்கள்.

நம்மூரில் ஒரு காரியம் நடந்து முடிந்த பிறகு ஃபிளெக்ஸ் வைப்பதில்லை. ஃபிளெக்ஸ் வைத்தால் காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். "ஊரெல்லாம் பார்த்தாச்சு. இனி மாத்தினா அந்த அப்பாவுக்கு மானக்கேடு டீச்சர்" என்றார் முதல்வர். விண்ணப்பத்தில் பிள்ளை எழுதியது ஸ்பெயின். அதற்கு மதிப்பில்லை. கம்பியில் கட்டிய துணிக்கு மதிப்பு. கோபமும் வெப்ராளமும் சேர்ந்து வந்ததில், "சாயங்காலம் வரைக்கும் எதையும் அனுப்பாதீங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வடசேரிக்கு நடந்து கடியப்பட்டணத்துக்கு பஸ் ஏறினேன்.

போர்டு ஊர்ச் சிலுவை நிற்கும் குருசடிக்குப் பக்கத்தில் நின்றது. அனிஷாவின் கல்லூரி அடையாள அட்டைப் படத்தை வெட்டியெடுத்து, பின்னால் பனி மலையும் ஒரு கோட்டையும் வைத்து, ஜெர்மன் கொடியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். 'ஜெர்மன் மண்ணில் கால் பதிக்கும் எங்கள் தங்க மகளை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' கீழே வாழ்த்துகிறவர்களின் தலைகள் வரிசையாக. போகிற பிள்ளையின் படத்தைவிட ஜெனோவா அத்தையின் படம் பெரிது. அம்மாவின் படத்தைக் காணவில்லை.

சூசை மரியாதையான ஆள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சாயா வந்தது. நான் சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் அவர்தான் முதலில் பேசினார்.

"டீச்சரே, நான் மொதல் மொதல்ல பஹ்ரைன்ல எறங்கினப்போ எனக்கு ஆரும் இல்ல. கூப்பிட வாறேன்னு சொன்னவன் வரல்ல. ஏர்போர்ட்டுக்கு வெளிய நின்னு அழுதேன். பாஷை தெரியாது. ஒரு வாய் வெள்ளம் கேக்கத் தெரியாது. எம் பிள்ளை அப்படி நிக்கப்பிடாது. அம்புட்டுதான்."

பயம் நியாயமானது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் எதிரே வந்து உட்காரும் அப்பாமார் எல்லாரும் வீம்புக்காரர்கள் இல்லை. "உங்களுக்கு பாஷை தெரியாம இருந்துது. அவளுக்குத் தெரியுமே" என்றேன்.

"அது என்னத்துக்கு ஒதவும்? ஜெர்மன் படிச்சா வேலை உண்டு. ஸ்பானிசு படிச்சவனுக்கு இஞ்ச என்ன இருக்கு?"

அந்த நேரம் பார்த்து ஜெனோவாவே வீடியோ அழைப்பில் வந்தாள். போர்டைப் பார்த்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. டீச்சர் வந்திருக்கிறார் என்றதும் எனக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

"ஒண்ணுக்கும் பயப்படாண்டாம் டீச்சர். எங்கூடத்தான இருக்கப்போறா. எனக்கு நைட் டூட்டி வரும்போ பிள்ளைய ஆரு கையில விட்டுட்டுப் போவன்னு தவிச்சிக்கிட்டு கெடந்தேன். ஆண்டவராப் பாத்து இவள அனுப்புகாரு."

சூசை கேட்டார்: "அவ படிக்கத்தான வாறா ஜெனோவா?"

"படிக்கட்டும் அண்ணே, ஆரு வேண்டாம்னா? காலேஜுக்கு தெனமும் போகணும்னு ஒண்ணும் இல்ல. வீட்டுல நாம தமிழ்தான பேசுகோம். பாஷை ஒண்ணும் பெருசா வேண்டாம்."

அழைப்பு முடிந்தது. ஜெனோவா மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி வேலைக்குப் போகிற தாய்க்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அது உண்மையான கஷ்டம். ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு என் மாணவியின் ஒரு வருடத்தை எடுத்துக் கொடுக்க யாருக்கு உரிமை?

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற அனிஷா பேசினாள். "அப்பா, ஒருக்கா கடப்புறத்துக்கு வாங்க. டீச்சரும் வாங்க."

வள்ளங்கள் கரை சேர்ந்திருந்த நேரம். மணலில் மீனைக் குவித்திருந்தார்கள். தரகர் ஒருவர் குவியலைக் காலால் புரட்டிவிட்டு ஒரு விலை சொன்னார். பிடித்துக்கொண்டு வந்தவன் முகத்தில் ரத்தமில்லை. எடுக்க நின்ற பிலோமி கொஞ்சம் இறக்கிக் கேட்டாள். "வேணும்னா எடு, இல்லன்னா போ" என்றார் தரகர், அவள் முகத்தைப் பார்க்காமலே. பிடித்தவனுக்கும் நஷ்டம், விற்கப் போகிறவளுக்கும் நஷ்டம். நடுவில் நின்றவர் வெற்றிலைச் சாறைத் துப்பினார்.

"ஸ்பெயின்ல மேக்குக் கரையில நம்மள மாதிரி கடல்காரங்க நெறைய பேரு இருக்காவ அப்பா" என்றாள் அனிஷா. "அங்க ஏலத்தை அவுங்க சங்கமே நடத்துமாம். வெலை எல்லாரும் பாக்குத மாதிரி பலகையில ஓடுமாம். இப்படி ஆரும் மீனைக் காலால தட்ட முடியாது. அது எப்படி நடக்குன்னு நான் போய்ப் பாக்கணும். அவுங்க பாஷை தெரிஞ்சாத்தான் அவுங்ககிட்ட கேக்க முடியும். ஜெர்மனியில அத்தை இருக்கா. அங்க போயி நான் என்னத்தப் பாக்க?"

சூசை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எந்த ஊரு அது?" என்று கேட்டார். அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்காத கேள்வியை அவர்தான் முதலில் கேட்டார். அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். அவர் அதை ஒரு முறை தன் வாயால் சொல்லிப் பார்த்தார். உடனே முகம் வாடியது.

"பின்ன, ஃபிளெக்சு வச்சாச்சே டீச்சரே?"

என் பொறுமை அதோடு தீர்ந்தது. "அந்தச் சவம் பிடிச்ச போர்ட அறுத்துப் போடும்!" என்று கத்தினேன். கரையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கல்லூரிப் பேராசிரியை கடப்புறத்தில் நின்று அப்படிப் பேசலாமா என்று இப்போது நீங்கள் நினைக்கலாம். பேசலாம். வேறு எங்கே பேசுவது?

பிலோமி கூடையிலிருந்து மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு குருசடியைப் பார்த்து நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். சூசை, "ஏய், நில்லு, ஆள்க்காரு பாக்காவ" என்றார்.

"பாக்கட்டும்" என்றாள் அவள். "நான் படுத பாட்ட எம் பிள்ளை தெனமும் பாத்தாச்சு. இனி வேற எதையாவது பாக்கட்டும்."

ஒரு பக்கக் கயிற்றை அவள் அறுத்தாள். மறு பக்கம் எட்டவில்லை. சூசை சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கத்தியை வாங்கி அவரே அறுத்தார். அந்த ஃபிளெக்ஸ் ரொம்ப நாள் வடசேரிச் சந்தையில் பிலோமியின் மீனுக்கு மேலே வெயிலுக்குக் கட்டிக் கிடந்தது. நான் மீன் வாங்கப் போகும்போதெல்லாம் ஜெனோவாவின் பெரிய முகம் தலைகீழாக என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக ஓய்வு பெற்றிருப்பேன். சாயங்காலம் கல்லூரிக்குத் திரும்பி வந்தால், முதல்வர் சிரித்த முகத்தோடு நிற்கிறார். நான் போன கொஞ்ச நேரத்திலேயே அனிஷாவின் பெயரை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டாராம். போர்டுப் படத்தைக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டாராம். எல்லோரும் வாழ்த்துச் சொல்லி முடித்துவிட்டார்களாம். "எல்லாருக்கும் சந்தோஷம் டீச்சர்" என்றார்.

இந்த இடத்தை நன்றாக வாசியுங்கள். ஒரு பிள்ளையின் பெயர் ஒரு நாட்டுக்குத்தான் போகலாம். ஜெர்மனியிலிருந்து திரும்பப் பெற்றால்தான் ஸ்பெயினுக்கு அனுப்ப முடியும். ஸ்பெயின்காரர்கள் கடைசி நேரத்தில் நாடு மாற்றிய பெயர் என்று தள்ளிவிட்டால் இரண்டும் போயிற்று. முதல்வர் அதையே சொன்னார்: "கையில இருக்கதை விட்டுட்டு எதுக்கு டீச்சர் வம்பு?" அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. என் கோபம் என்னுடையது. ஆனால் போவது அவளுடைய வருடம். அதனால் அனிஷாவுக்கு போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். "ரெண்டும் போச்சுன்னா என்ன செய்வ மக்கா?"

அவள் யோசிக்கவே இல்லை. "இஞ்சயே இருந்து ஸ்பானிசு படிப்பேன் டீச்சர். நீங்க திரும்ப வாங்குங்க."

முதல்வர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார். நான் கதவைச் சாத்தி, அதன் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சார், அந்தப் பிள்ளை எழுதின நாட்டுக்கு அவ பேரு போகாம நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகப்போறதில்ல" என்றேன். "டீச்சர், இது என்ன கூத்து?" என்றார். "கூத்து காலையில நடந்துது சார். இது வேலை" என்றேன். அவருக்கு இரண்டு போன் வந்தது, இரண்டும் அவர் மனைவி. இரண்டாவது போனுக்கு, "இல்ல, ஒரு சின்ன வேலை, வந்திருவேன்" என்று பாவமாகச் சொன்னார். பிறகு கணினியைத் திறந்தார். ஜெர்மனியிலிருந்து பெயரைத் திரும்பப் பெற்று, ஸ்பெயினுக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுந்தார். ஸ்பெயினிலிருந்து பதில் வரும்வரை நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள். வந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே போன புதிதில் அனிஷா அழுதாள். பேருந்து மாறி ஏறி எங்கோ போய் இறங்கினாள். பேச ஆள் இல்லாமல் துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்களோடு போய் நின்றாள். அவர்கள் மீனைக் காட்டிப் பெயர் சொல்ல, இவள் நம் பெயரைச் சொல்ல, அப்படித்தான் மொழி வந்தது. அந்தக் கரையில் ஸ்பானிஷோடு இன்னொரு மொழியும் பேசுகிறார்கள் என்று போன பிறகுதான் தெரிந்தது. நான் பதறிப்போனேன். அவள் சிரித்தாள். "நம்ம ஊரு மாதிரித்தான் டீச்சர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுத நமக்கு இது ஒரு காரியமா?"

இப்போது அங்கேயே மேல்படிப்பு படிக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் கரையில் நின்று ஏலம் எப்படி மாற வேண்டும் என்று சண்டை போடுகிறாள். சூசை பக்கத்தில் நிற்கிறார்.

இனி, போன வாரம் நீங்கள் சொன்ன பதிலுக்கு வருகிறேன். ஜப்பானில் ஆரும் இல்லை என்று அந்தத் திருவட்டாற்றுப் பெண் சொன்னதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பின்ன எதுக்கு மக்கா ஜப்பான்? ஸ்பெயினுக்குப் போ. அங்க நம்ம அனிஷா இருக்கால்லா."

போன வருடம் போனவர்களையும் அவளிடமே அனுப்பினீர்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டில் தங்கி, மீன் குழம்பு வைத்து, தமிழில் பேசி, திரும்பி வந்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே அனிஷாவை அழைத்து இதைச் சொன்னேன்.

"டீச்சர்" என்றாள். "நான் இப்ப ஜெனோவா அத்தை ஆயிட்டேனா?"

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள்.

அன்று நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்த அந்தத் திருவட்டாற்றுப் பெண்ணைப் பிடித்து நிறுத்தி, நீங்கள் கேட்காததை நான் கேட்டேன். ஏன் ஜப்பான்? ஊர்க் கோயிலில் பழைய மரவேலைகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவளாம். ஜப்பானில் நூற்றாண்டுகள் தாண்டிய மரக் கோயில்களைக் கழற்றி, இற்றுப்போன துண்டை மட்டும் மாற்றி, மறுபடி பூட்டி நிறுத்துகிறார்களாம். அதைச் செய்கிறவர்களின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஸ்பெயினே போட்டிரட்டா டீச்சர்?" என்று கேட்டாள்.

வரும் வெள்ளிக்கிழமை பெயர் அனுப்பக் கடைசி நாள். அவளைக் கூப்பிட்டு, நாற்காலியின் நுனியில் இல்லாமல் நன்றாக உட்கார வைத்து, ஜப்பானுக்குப் பெயரை அனுப்புங்கள். அங்கே நமக்கு ஆரும் இல்லை. அதற்காகத்தான் அவளை அனுப்பச் சொல்கிறேன். அனுப்பவில்லை என்று கேள்விப்பட்டால் நான் வருவேன். கதவைச் சாத்தி நாற்காலியைப் போட்டு உட்கார எனக்கு இன்னும் மறக்கவில்லை.